நாதன் ஐயாவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடலோரக் காற்று:
2010ஆம் வருஷம், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, காலை ஆறரை மணி இருக்கும். எதிரே நடந்து வருகிறார். நம் சிங்கப்பூர் அதிபர் எஸ்.ஆர். நாதன்! கொஞ்சம் தள்ளிப் பின்னால் இரண்டு பேர். வேறு கூட்டம் இல்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பட்டியல் போட்டார்கள். அதில் என் பெயரும் இருந்தது. வீட்டில் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த நேரத்தில்தான் ஜாப்ஸ் கிரெடிட் வந்தது. ஒவ்வொரு ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 சிங்கப்பூர் வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசாங்கமே முதலாளிக்குத் தந்தது. அதனால்தான் பட்டியலைக் கிழித்தோம் என்று சூப்பர்வைசர் பிறகு சொன்னார். அந்தப் பணம் சேமிப்பு இருப்பிலிருந்து வந்தது. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த பணத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இதற்கும் இன்னொரு திட்டத்துக்கும் சேர்த்து 490 கோடி வெள்ளிவரை எடுக்க ஒப்புதல். அதிபர் சம்மதிக்காமல் ஒரு காசும் வெளியே வந்திருக்காது.

அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன், நடந்துவிட்டேன். ஒரு நன்றி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பிப் பார்த்தபோது வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமாகியும் அந்தத் தொப்பிதான் கண்ணில் நிற்கிறது.

பிடோக் பையன்:
அண்ணே, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் திட்டம் போட்டது அமைச்சரவை, சம்மதம் கொடுத்தது அவர். இரண்டும் ஒன்றில்லை. அதோடு, அதிபர் தேர்தலில் 1999இலும் சரி, 2005இலும் சரி, போட்டியே கிடையாது. தேர்தலில் நிற்பதற்கான தகுதிச் சான்றிதழ் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. 12 வருஷம் அதிபராக இருந்தவருக்கு நானோ என் பெற்றோரோ ஒரு தடவைகூட வாக்களிக்கவில்லை. அதிபர் தேர்தலில் நான் முதன்முதலாக வாக்களித்தது 2011இல், நான்கு பேர் நின்றபோது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

பார்த்த கதை என்றால், தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் அதிகாரிப் பயிற்சி முடித்த அணிவகுப்பில் பார்த்தேன். அவர்தான் அணிவகுப்பைப் பார்வையிட்டார். என் முன்னால் நின்றார். எண்பதை நெருங்கிய வயதிலும் முதுகு நேராக இருந்தது. என் பெயர்ப்பட்டையைப் படித்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி அதிகமாகவே நின்றதுபோல் தோன்றியது. வரிசையில் என்னைத் தவிர வேறு தமிழ்ப் பெயர் இல்லை.

தேக்கா செல்வி:
தம்பி, வாக்கு வாங்கவில்லை என்பது உண்மைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூவாரில் வளர்ந்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடி, ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு படித்து 1955இல் மருத்துவமனை சமூக ஊழியரானவர் அவர். அடுத்த வருஷமே கப்பல் மாலுமிகளின் நல அதிகாரி. அப்புறம் தொழிற்சங்கங்களின் காங்கிரஸான என்டியுசியின் ஆய்வுப் பிரிவு. வெளியுறவு அமைச்சுக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேடையில் நின்று கை தூக்கிய வாழ்க்கை இல்லை அது.

என் அனுபவம் அவர் போன பிறகு நடந்தது. 2016 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. பூக்கடையில் உட்கார்ந்து அரசாங்க மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தத் தஞ்சாவூர் மண் பொம்மைப் பாட்டைப் போட்டார்கள். சினிமாப் பாட்டு! பிரதமர் முதல் எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். நான் கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே வைத்துவிட்டேன். பக்கத்துக் கடை சீன அங்கிள் எட்டிப் பார்த்து, என்ன பாட்டு, ஏன் அழுகிறாய் என்று மலாயில் கேட்டார். ஓர் ஊரிலிருந்து மண் எடுத்து, இன்னோர் இடத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பொம்மை செய்கிறார்கள் அங்கிள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் நாற்காலியை எடுத்துவந்து என் கடை வாசலில் போட்டு, கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

புக்கோம் மகன்:
என் அப்பாவுக்கு புலாவ் புக்கோம் தீவில் இருக்கும் எண்ணெய் ஆலையில் வேலை. லாஜு படகுச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1974 ஜனவரி 31 அன்று நான்கு பேர் ஆலையில் குண்டு வைத்துவிட்டு, லாஜு படகைக் கடத்தி, படகுக்காரர்களைப் பிணை பிடித்தார்கள். பேச்சு ஒரு வாரம் இழுத்தது. கடைசியில், கடத்தியவர்களைப் பத்திரமாகக் குவைத்தில் விடுகிறோம் என்பதற்கு உத்தரவாதமாக நம் அதிகாரிகள் 13 பேர் அதே விமானத்தில் ஏறினார்கள். தலைமை நாதன். அப்போது தற்காப்பு அமைச்சில் இருந்தார், வயது 49. திரும்பி வருவோமா என்று தெரியாமல் ஏறிய விமானம் அது.

2011இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளிவந்த பிறகு, புத்தகத்தில் கையெழுத்து வாங்க அப்பாவை அழைத்துப் போனேன். முறை வந்ததும் அப்பா புத்தகத்தை நீட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஆலைக்குப் போய்வரும் பழைய அனுமதி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கி, படம் மங்கிப்போன அட்டை. நாதன் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ் ராணி:
அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் தீபாவளித் திறந்த இல்லத்தில் அவரையும் அவர் மனைவி திருமதி ஊர்மிளாவையும் பார்த்தேன், கையசைத்தார்கள், நான் மகளைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் இஸ்தானா திறந்த இல்லம் நடக்கிறது: சீனப் புத்தாண்டு, தொழிலாளர் தினம், நோன்புப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் வெயில் தாங்காது. உள்ளே நிறைய நடக்க வேண்டும், மேடும் உண்டு, அதனால் வயதானவர்களுக்கு நல்ல காலணி போட்டுவிடுங்கள். சேலை கட்டினால் பருத்திதான் சரி. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பை சோதிப்பார்கள். குழந்தைத் தள்ளுவண்டி கொண்டுபோகிறவர்கள் சின்னதாகப் பார்த்து எடுத்துப் போங்கள். போகிற வழியில் பிள்ளைக்கு அதிபர் என்றால் யார், பிரதமர் என்றால் யார் என்று சொல்லிக்கொண்டே போங்கள். பள்ளியில் சொல்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்துக் கதை சொன்னால் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். புக்கோம் அப்பா மாதிரி ஆட்கள் எத்தனை பேர் மிச்சம்?

பிடோக் பையன்:
செல்வி அக்கா, மாலுமிகள் விஷயம் எனக்குத் தெரியாது. படிக்கிறேன். ஆனால் போட்டி இருந்திருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. நல்ல மனிதர் என்பதால்தான் சொல்கிறேன். போட்டி நடந்திருந்தால் மக்களே அவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த வாய்ப்பு எங்களுக்கும் கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை.

கடலோரக் காற்று:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேமிப்பு இருப்பைத் திறக்க அதிபர் கையில் இரண்டாவது சாவி என்று ஒன்றை வைத்ததே, அதைத் திருப்ப ஒருவர் வேண்டும் என்பதற்குத்தான். திருப்பியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாடாளுமன்றத்தில் உடலை வைத்திருந்த அன்று அரை நாள் விடுப்பு எடுத்து வரிசையில் நின்றேன். மகளையும் கூட்டிப் போனேன். அந்தப் பட்டியல் கிழிந்த வருஷம் பிறந்தவள், அப்போது ஏழு வயது. பெட்டிக்கு முன்னால் வந்ததும் நான் குனிந்து அவள் காதில் சொல்லிக்கொடுத்தேன். அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள், நன்றி தாத்தா என்று. காவலுக்கு நின்ற அதிகாரி அசையவில்லை.

புக்கோம் மகன், அப்பா நலமா? அந்த அட்டை இருக்கிறதா?

புக்கோம் மகன்:
அப்பா 2019இல் போய்விட்டார் அண்ணே. அட்டை அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. கையெழுத்து வாங்க அன்றைக்கு மறந்துவிட்டோம்.