பள்ளி அருகே மின்சிகரெட் விற்பனை: புகார் அளித்த அனுபவம் உள்ளவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் என் மகன் படிக்கும் பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில், மிட்டாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு செருப்புப் பெட்டியில் ஒளித்துவைத்து, பார்வைக்கு மார்க்கர் பேனா போலவே இருக்கும் மாம்பழ வாசனை மின்சிகரெட்டுகளை மாணவர்களுக்கு விற்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு மின்சிகரெட் தடைச் சட்டப்படி இவற்றை விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதே குற்றம்; முதல்முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். காவல் உதவி ஆய்வாளரே சோதனையிடலாம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தும், காவல் நிலையத்தில் என்னை மாநகராட்சிக்குப் போகச் சொன்னார்கள். இத்தகைய புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) பெற்றவர்கள், மனுவில் எந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டீர்கள், கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.