சிப்பித் தடம்: ஃபைண்டிங் டோரி பார்த்த அனுபவங்கள்

என் மகனுக்கு ஒன்பது வயது. சொன்னது அவனிடம் தங்காது. செருப்பை மாட்டிக்கொண்டு வா என்று உள்ளே அனுப்பினால் கொஞ்ச நேரம் கழித்துக் கையில் ஒரு பென்சிலோடு வந்து நிற்பான், எதற்குப் போனான் என்பது அதற்குள் போயிருக்கும். இதற்குக் கவனக்குறைபாடு என்று ஒரு பெயர் இருப்பது எங்களுக்குத் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நான் வைத்திருந்த பெயர்கள் வேறு, அவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை.

போன விடுமுறையில் ஒரு நாள் ஃபைண்டிங் டோரியை வீட்டில் போட்டோம். 2016இல் வந்த படம். முதல் பாகமான ஃபைண்டிங் நீமோ 2003இல் வந்தது, அது அவனுக்குக் காட்சி காட்சியாகத் தெரியும். அதில் டோரி எல்லாவற்றையும் மறந்து சிரிக்கவைக்கும் நீல மீன், அதனால் இதுவும் ஒன்றரை மணி நேரச் சிரிப்பு என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன்.

ஆனால் படம் ஆரம்பிப்பதே முகம் முழுக்கக் கண்ணாக இருக்கும் குட்டி டோரியோடு. அவளுடைய அம்மா ஜென்னியும் அப்பா சார்லியும், எனக்கு மறதி இருக்கிறது என்று மற்றவர்களிடம் எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதை ஒரு விளையாட்டாக அவளுக்குப் பழக்குகிறார்கள். அவள் பாதியில் மறந்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். அவர்கள் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீரோட்டம் இழுக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்பதற்கு ஒரு பாட்டே கட்டி வைத்திருக்கிறார்கள், வழி தவறினால் சிப்பிகளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடு என்கிறார்கள். நான் ஒரு நாளில் எத்தனை முறை "மறுபடியும் மறந்துட்டியா" என்று கேட்கிறேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

டோரி எப்படித் தொலைந்தாள் என்பது படத்தின் பின்பாதியில்தான் தெரியும். ஒரு ராத்திரி அம்மா அழுவதைக் குட்டி டோரி கேட்டுவிடுகிறாள், இவள் தனியாக எப்படிப் பிழைப்பாள் என்று அம்மா அழுகிறாள். அம்மாவுக்கு ஊதாச் சிப்பி என்றால் உயிர். ஒன்று கண்ணில் படுகிறது, அதை எடுத்துக் கொடுத்து அம்மாவைத் தேற்றலாம் என்று போகிற குழந்தையை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவளைத் தொலைத்தது மறதி இல்லை. அம்மாவின் அழுகையைக் கேட்டது.

அந்த இடத்தில் என் மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நீயும் இப்படித்தானே அன்னிக்கு அழுத, பெரியம்மாகிட்ட போன்ல."

எனக்குக் கை கால் ஓடவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி என் அக்காவிடம், எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பார்கள் என்று சொல்லி அழுதது உண்மை. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலையில் என் தலையணை மேல் அவனுடைய நீலக் கோலிக்குண்டு கிடந்தது, அவனிடம் இருப்பதிலேயே நல்ல குண்டு அதுதான். "எடுத்த பொருளை எடுத்த இடத்தில வைக்கவே தெரியாதா உனக்கு" என்று கத்திவிட்டு அதை அவனுடைய டப்பாவில் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு படத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. கடைசியில் டோரி கலங்கிய தண்ணீரில் ஒரு சிப்பி வரிசையைப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வீட்டை அடைகிறாளே, கேமரா மேலே போகும்போது அந்த வீட்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் சிப்பி வரிசைகள் தெரிகின்றன. இத்தனை வருடமும் அவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். பெற்றவர்களைப் பார்த்ததும் டோரி மறுபடியும் மன்னிப்புத்தான் கேட்கிறாள், எனக்கு ஞாபகம் நிற்பதில்லை, முயற்சி செய்கிறேன் என்கிறாள். அவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே மறுக்கிறார்கள். நீதானே எங்களைக் கண்டுபிடித்தாய் என்கிறார்கள். என் மகன் என் மேல் சாய்ந்துகொண்டான்.

டோரிக்கு மறதி குணமாகிறதா என்றால் இல்லை. அதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். இரண்டு படங்களையும் இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டாண்டன், முப்பரிமாண மறுவெளியீட்டுக்காக நீமோவைத் திரும்பப் பார்த்தபோது, டோரி மறுபடி தொலைந்தால் என்ன ஆவாள் என்ற கவலை வந்ததாகவும், அதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கவலை எங்கள் வீட்டில் தினமும் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இந்தப் படம் இப்படி எதையாவது திறந்துவிட்டிருந்தால் எழுதுங்கள்.

* * *

எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

நீமோ வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். டோரி வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு படத்துக்கும் நடுவில் 13 வருடம், ஆனால் கதைக்குள் ஒரே ஒரு வருடம்தான் போயிருக்கிறது. நீமோவுக்குக் குரல் கொடுத்த பையன் வளர்ந்துவிட்டதால் இதில் வேறொரு பையன் பேசியிருக்கிறான். நானும் அப்பாவும் அந்த 13 வருடத்தில் கடைசி நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரே ஒரு வாக்கியம். நான் கல்லூரியைப் பாதியில் விட்டபோது அவர் சொன்னது.

தங்கை எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துவிட்டாள். சரி, படம் முடிகிற வரைக்கும்தானே என்று இருந்தேன். படத்தில் நீமோவுக்கு அடிபட்ட கோபத்தில் அவன் அப்பா மார்லின் டோரியிடம், ஓரமாகப் போய் நின்று மறந்துகொண்டிரு, உனக்கு அதுதானே நன்றாக வரும் என்கிற மாதிரி ஒன்று சொல்வான். டோரி போகிறாள், பிடிபடுகிறாள். இது எல்லாப் படத்திலும் வருகிற சண்டைதான். ஆனால் அதற்கப்புறம் நீமோ சும்மா இருப்பதில்லை. டோரியிடம் என்ன சொன்னாய் என்று அப்பாவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறான், மார்லின் ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையைக் கொஞ்சம் மழுப்பிப் பார்க்கிறான், முடியவில்லை. அப்புறம் வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும்போது, டோரி இருந்தால் என்ன செய்வாள் என்று யோசிக்கவேண்டிய நிலைமை அதே மார்லினுக்கு வருகிறது.

அப்பா இருட்டில் என் பக்கம் திரும்பாமலே "நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுடா" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் வந்த லாரி துரத்தல், ஆக்டோபஸ் ஹேங்க் வண்டி ஓட்டுவது, அது எதுவும் எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு வேறொரு நாள் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

* * *

என்னுடையது சின்ன அனுபவம், ஆனால் சொல்லியே ஆகவேண்டும். நான் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவன். டோரி இனத்து மீனை நீல டாங் என்போம், அறிவியல் பெயர் பாராகாந்துரஸ் ஹெப்பாட்டஸ். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்கிலும் இருக்கும் பவளப்பாறை மீன் அது, கலிபோர்னியாக் கரையில் இயற்கையாகக் கிடையாது. அதனால் அவள் பிறந்த வீடு அதே கலிபோர்னியாவில் மோரோ பே என்ற ஊரில் இருக்கும் ஒரு கடல்வாழ் உயிரின நிலையத்தின் காட்சித்தொட்டி என்று படம் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

படம் பார்த்த என் அக்கா மகள் டோரி வேண்டும் என்று அழுதாள். முன்னால் எனக்கு விவரம் தெரியாத காலத்தில் ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்திருந்தேன். பாறை இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கிடக்கும், செத்துவிட்டது என்று பதறுவேன், பயந்தால் அது அப்படித்தான் ஒளியும் என்று பிறகுதான் தெரிந்தது. சுமார் 30 செ.மீ. வரை வளர்கிற, ஓயாமல் நீந்துகிற மீன். பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். விற்பனைக்கு வருகிறவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை, சில இடங்களில் சயனைடு கரைத்து மயக்கிக்கூடப் பிடிக்கிறார்கள். தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்ப்பதில் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் வெற்றி கண்டது 2016இல்தான், படம் வந்த அதே வருடம்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "டோரியை அவங்க அம்மாகிட்டேர்ந்து பிரிச்சுக் கொண்டுவரணுமா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

* * *

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு இந்தப் படத்தோடு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மறப்பது அம்மா. ஆறு வருடமாக. முதல் தடவை பார்த்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன், ஏனென்றால் டோரிக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. திருக்கை மீன்களின் வலசையைப் பார்க்கிறாள், ஒரு ஞாபகம் வருகிறது. சிப்பியைப் பார்க்கிறாள், இன்னொன்று வருகிறது. எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாகப் போகிறது. கடைசியில் ஒரு கூடல் இருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் சிப்பி அடுக்கலாம். தெரியாமல் அடுக்குகிறவர்களுக்கு அந்தக் காட்சி வலிக்கும். ஜென்னியும் சார்லியும்கூடத் தெரியாமல்தான் அடுக்கினார்கள் என்று என் கணவர் சொன்னார். அது சரிதான், இருந்தாலும் வலித்தது.

மறுபடி முழுதாகப் பார்த்தது மகள் வற்புறுத்தி. அப்போது ஒன்று பிடிபட்டது. டோரி யோசித்து யோசித்து எதையும் நினைவுக்குக் கொண்டுவருவதில்லை, அப்படி முயற்சி செய்கிற போதெல்லாம் தோற்கிறாள். கண்ணில் ஏதாவது படும்போதோ ஒரு பாட்டு வாயில் வரும்போதோதான் வழி திறக்கிறது. அம்மாவிடம் நான் "நான் யாரு சொல்லுங்க, சொல்லுங்க" என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். ஜென்னியும் சார்லியும் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை.

இப்போது கேட்பதில்லை. அவர் என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டு போய் நிற்கிறேன். போன மாதம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்ன ஆரம்பித்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, முடியை மூன்றாகப் பிரித்து, தானே பின்னி முடித்தார். சின்ன வயசில் எனக்குப் பின்னிய அதே இறுக்கம், மகள் ஆ ஆ என்று கத்தினாள். என் பெயர் அவருக்கு வரவில்லை. பரவாயில்லை.

முதல் பதிவு எழுதியவரிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் மகனுக்குச் சிப்பிக்குப் பதில் நீங்கள் என்ன வைக்கிறீர்கள்?

* * *

நான்தான் முதலில் எழுதியவள். சடை பின்னியதை இரண்டு முறை படித்தேன். அந்தக் கூடல் காட்சி பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, என் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். வட்ட ஸ்டிக்கர்கள், ஊதா நிறம், நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவன். படுக்கையிலிருந்து குளியலறை, அங்கிருந்து பை, பையிலிருந்து செருப்பு என்று தரையில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம் வரைந்திருக்கிறான், பல்துலக்கி, நோட்டு, தண்ணீர்ப் பாட்டில். பத்து நாளில் ஆறு நாள் வேலை செய்கிறது. மற்ற நாளில் பென்சிலோடுதான் வந்து நிற்கிறான், சரி, ஸ்டிக்கர் வரை திரும்பப் போய் அங்கிருந்து சேர்ந்து வருகிறோம். கத்தாமல் இருக்க நானும் பழகிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் பத்துக்கு ஆறுதான்.

அந்தக் கோலிக்குண்டைப் பற்றி அவனிடம் கேட்டேன். தலையணையில் வைத்ததே அவனுக்கு ஞாபகமில்லை. நான் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நேற்றுக் காலையில் ஒரு ஊதா ஸ்டிக்கர் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் ஒட்டியிருந்தது. அதிலிருந்து இன்னொன்று மேசை விளிம்பில், அடுத்தது என் கட்டில் காலில். தினமும் அதைத் தேடித் தேடி வீட்டையே கவிழ்ப்பது நான்தான்.