சமவலுப்புள்ளியின் பீஎச்: எங்கே பிழை விடுகிறேன்?

திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். வயது 41. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள், 5 மாதமாக வீட்டிலிருந்தே இரசாயனவியல் படிக்கிறேன். மூல் கணக்கெல்லாம் பிடிபட்டுவிட்டது, ஆசையாகவும் இருக்கிறது. அமிலத்தோடு காரத்தைச் சேர்த்து அளவு காணும் நியமிப்பில்தான் 2 கிழமையாக நிற்கிறேன்.

0.1 மோலார் அசற்றிக் அமிலம் 25 மில்லிலீற்றர், அதே செறிவில் சோடியம் ஐதரொட்சைட்டு 25 மில்லிலீற்றர். அமிலமும் காரமும் மிச்சமின்றித் தாக்கமுறும் சமவலுப்புள்ளியில் பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்பதே கேள்வி. அமிலத்தின் கூட்டப்பிரிகை மாறிலி 0.000018.

முதலில் 7 என்று எழுதினேன். அசற்றேற்று அயன் நீருடன் தாக்கமுற்று ஐதரொட்சைட்டு அயனைத் தருவதால் 7ஐத் தாண்டும் என்பது அப்புறம் விளங்கியது. சரி என்று அசற்றேற்றின் செறிவை 0.1 ஆக வைத்துச் செய்தால் 8.87 வருகிறது. விடையில் 8.72. மடக்கையை மூன்று முறை சரிபார்த்தேன், பாடநூலையும் புரட்டிவிட்டேன். பக்கத்து ரியூசன் வகுப்பில் பெரியவர்களைச் சேர்ப்பதில்லை.

எந்தப் படியில் தவறுகிறேன்?