அவசரம்: ஆர்க்டிக் சிலந்தி சீக்வன்ஸ் எல்லாத்திலும் ஸ்டாப் கோடான், மரத்திலும் பிரியலை

முகப்புத்திண்ணை (இழை தொடங்கியவர்), வெள்ளி இரவு 11:48
வணக்கம். எம்எஸ்சி புராஜெக்ட். டிஎன்ஏ சீக்வன்ஸை புரோட்டீனா மாத்தினா நடுநடுவே நட்சத்திரம் விழுது, அதாவது புரோட்டீன் அங்கயே நிக்கணும்னு சொல்ற ஸ்டாப் கோடான். யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற மரம் போட்டாலும் ஸ்பீசிஸ் தனித்தனியா வராம ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. திங்கக்கிழமை ரிவ்யூ, கைடு ஊர்ல இல்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். காரைக்குடியில இன்னிக்கு நெட்டும் இழுக்குது.

கோட்டையூரான், 11:55
எந்த ஜீன்? எத்தனை சீக்வன்ஸ்? எந்த சாப்ட்வேர்? தலைப்பைப் படிச்சாத்தான் சிலந்தின்னே தெரியுது தம்பி.

ஸ்பிரிட்பாட்டில், சனி 12:03
மாதிரியை எதுல போட்டு வச்சீங்க? மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டுன்னா அங்கயே கதை முடிஞ்சுது. 95 சதவீத எத்தனால் வேணும், குளிர்ல வைக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல மேசை மேல ஒரு வாரம் இருந்தா டிஎன்ஏ துண்டு துண்டாப் போயிரும். போன வருஷம் எனக்கு 14 பாட்டில் இப்படித்தான் போச்சு.

செக்காலை_ஆய்வகம் (மூத்த உறுப்பினர்), 12:10
மேல ஒரு தேடல் பெட்டி இருக்கு, யாரும் தொடுறதில்லை. இது நியூமெட். மைட்டோகான்ட்ரியா ஜீனோட செத்த நகல் நியூக்ளியஸ்ல போய் ஒட்டிக்கிட்டது. வேலை செய்யாத ஜீன்ல ஸ்டாப் கோடான் விழுறது பாலபாடம். அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பி.

முகப்புத்திண்ணை, 12:21
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஜீன் சிஓஐ (மைட்டோகான்ட்ரியாவுல இருக்கிறது, இனம் கண்டுபிடிக்க பார்கோடு மாதிரி பயன்படுத்துறது), 658 எழுத்து. மொத்தம் 26 சீக்வன்ஸ், எல்லாம் டவுன்லோடு பண்ணினது, நான் ஒரு சிலந்தியைக்கூடப் பிடிக்கலை. எல்லாம் பார்டோசாங்கிற ஓநாய்ச் சிலந்தி வகை: க்ரோன்லாண்டிகா, டெஸ்குவோரம், ட்ரோமேயா, ப்ரொசைக்கா. ஒப்பிட்டுப் பார்க்க வெளியாளா நம்ம நெல்வயல் சூடோஅன்னுலேட்டாவைச் சேர்த்திருக்கேன். சாப்ட்வேர் மெகா.
அப்புறம், தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி.

ஸ்பிரிட்பாட்டில், 12:24
டவுன்லோடு பண்ணினதா இருந்தாலும் முதல்ல யாரோ ஒருத்தர் ஒரு பாட்டில்லதானே போட்டு வச்சிருப்பாங்க?

வெயில்காலம், 12:30
காரைக்குடியில ஃபேனைப் போட்டும் தூக்கம் வரலை, இங்க கிரீன்லாந்து சிலந்தியைப் பத்திப் பேச்சு. வாழ்க.

ஊருணிக்கரை, 12:41
தங்கச்சி, நட்சத்திரம் ஒரு சீக்வன்ஸுக்கு எத்தனை விழுது? எல்லாத்திலும் அதே இடமா, ஆளுக்கொரு இடமா? அந்த இடத்துல இருக்கிற மூணு எழுத்து என்ன?

முகப்புத்திண்ணை, 12:52
நாலைஞ்சு. பாக்கப்போனா எல்லாத்திலும் ஏறக்குறைய அதே இடம்தான். வயல் சிலந்தியிலயும். முதல் நட்சத்திரம் ஒன்பதாவதா வருது. மூணு எழுத்து டிஜிஏ.

ஊருணிக்கரை, 1:05
அப்ப ஜீன் சாகலை. செத்த நகல்னா ஸ்டாப் கோடான் ஆளுக்கொரு இடத்துல விழும், நடுவுல ஒண்ணு ரெண்டு எழுத்து உதிர்ந்து வாசிப்பே கோணிப் போயிருக்கும். கிரீன்லாந்து சிலந்தியும் நம்ம கண்மாய் சிலந்தியும் பேசி வச்சு ஒரே இடத்துல சாகுமா?
மெகாவுல ஃபைலைத் திறக்கும்போது எந்த மரபுக் குறியீட்டு அட்டவணைன்னு கேட்டிருக்கும். முதல்ல இருக்கிற ஸ்டாண்டர்டுக்கு ஓகே அடிச்சிருப்பீங்க. அதுல டிஜிஏன்னா நிறுத்து. முதுகெலும்பு இல்லாததோட மைட்டோகான்ட்ரியாவுல அதே டிஜிஏ டிரிப்டோஃபேன்ங்கிற அமினோ அமிலம். அதனால இன்வெர்டிப்ரேட் மைட்டோகான்ட்ரியல் எடுங்க, என்சிபிஐ கணக்குல 5-ஆம் அட்டவணை. வாசிப்பு ரெண்டாவது எழுத்துல தொடங்கணும். முதல் எழுத்தை விட்டா மீதி 657, மூணா வகுத்தா 219 அமினோ அமிலம், ஒண்ணு கூடாது ஒண்ணு குறையாது.

செக்காலை_ஆய்வகம், 1:09
அட்டவணையைப் பார்க்கணும்னு சொல்ல வந்தேன். அதுகூடத் தெரியாமலா புராஜெக்ட் பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்.

கோட்டையூரான், 1:11
"அத்தனையையும் தூக்கிப் போடு"ன்னு சொன்னது வேற யாரோ போல.

முகப்புத்திண்ணை, 1:26
போயிருச்சு!!! 26-லயும் ஒரு நட்சத்திரம் இல்லை. 219 சரியா வருது. ஆனா மரம் அப்படியேதான் இருக்கு. க்ரோன்லாண்டிகா நடுவுல டெஸ்குவோரம் உக்காந்திருக்கு.

வுல்பேக்கியா_ரசிகன், சனி காலை 6:40
சொன்னா சிரிப்பீங்க, இது பாக்டீரியா வேலை. வுல்பேக்கியா, ரிக்கெட்சியா, கார்டினியம் மூணுமே சிலந்திக்குள்ள குடியிருக்கும். தாய் வழியா முட்டைக்குள்ள போகும், மைட்டோகான்ட்ரியாவும் அதே வழி. தொற்று பரவுறப்ப ஒரே மைட்டோகான்ட்ரியா கூடவே ஒட்டிக்கிட்டுப் பரவும். கலப்பு மூலமா அடுத்த இனத்துக்கும் தாவலாம். சிஓஐ மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியும்.

கோட்டையூரான், 7:15
போன மாசம் வெண்டைக்காய்ப் பூச்சி இழையிலயும் வுல்பேக்கியாதான் காரணம்னீங்க.

ஊருணிக்கரை, 7:50
இருக்கலாம், ஆனா 26 டவுன்லோடு சீக்வன்ஸை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி சாதாரண காரணம் ஒண்ணு இருக்கு. கணுக்காலிகளுக்கு 1994-லேர்ந்து புழங்குற தோராயக் கணக்குப்படி, பிரிஞ்ச ரெண்டு வம்சத்துக்கு நடுவுல பத்து லட்சம் வருஷத்துக்கு 2.3 சதவீத வித்தியாசம். 658-ல அது 15 எழுத்து. கடைசிப் பனியுகத்தோட உச்சம் ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன்னாடி. பனிப்பாளம் ஒரு கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சது அப்பத்தான்னு வைங்க, 658-ல அரை எழுத்துகூட மாறியிருக்காது. வடக்குச் சிலந்திகள்ல இதுதான் தொல்லை. உருவத்துல வேறயா மாற ஆரம்பிச்சிருக்கும், பார்கோடு இன்னும் பிந்தித்தான் வரும்.
கனடா சிலந்திகளுக்கு 2016-ல வந்த பார்கோடு தொகுப்புல 1018 இனம். பெரும்பாலானதுக்கு இந்த 658 எழுத்தே போதும். இந்த க்ரோன்லாண்டிகா கூட்டம் மாதிரி சிலதுதான் மல்லுக்கட்டும். உங்க மரம் தப்பில்லை, எடுத்த குடும்பம் அப்படி.

பழையலென்ஸ், 9:20
நாலு எழுத்தை எண்ணி இனம் பிரிக்கிற காலம் வந்தாச்சு. இந்தக் கூட்டத்தை 1999-ல திருத்தி எழுதினவர் பார்த்தது பெண்ணோட எபிஜைனையும் ஆணோட பால்ப்பையும், அதாவது முதிர்ந்ததுல மட்டும் முழுசா இருக்கிற இனப்பெருக்க உறுப்புகளை. மைக்ரோஸ்கோப்புல கண்ணை வைக்கணும்மா. இப்ப உள்ள பிள்ளைகள் ஒரு காலை ஒடிச்சு ட்யூபுல போட்டுட்டு விஞ்ஞானம்ங்குது.

வுல்பேக்கியா_ரசிகன், 9:31
ஐயா, குஞ்சுக்கு எபிஜைன் இருக்கா? குழிப்பொறியில விழுறதுல எத்தனையோ இளசு. அதுக்குப் பேர் வைக்க டிஎன்ஏ தவிர என்ன வழி?

பழையலென்ஸ், 9:36
வளர்த்துப் பார்க்கணும். நான் பட்டாலை மூலையில ஹார்லிக்ஸ் பாட்டில்ல நாலு மாசம் வளர்த்திருக்கேன். கடைசித் தோலை உரிச்சதும் தெரிஞ்சிரும்.

வெயில்காலம், 9:40
கிரீன்லாந்துச் சிலந்தியைப் பட்டாலையில வளர்க்கிற ஆச்சியைக் காட்டுங்க, கும்பிட்டுக்கிறேன். எங்க வீட்டுல ஒரு நூலாம்படை இருந்தாலே ஒட்டடைக்கம்பு வந்துரும்.

பழையலென்ஸ், 9:44
நூலாம்படை வேற சாதி. ஓநாய்ச் சிலந்தி பெரும்பாலும் வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். கண்மாய்க் கரையில ராத்திரி டார்ச்சை நெத்திக்கு நேராப் பிடிச்சு அடிச்சுப் பாருங்க, புல்லுக்குள்ள பச்சையாப் பொட்டுப் பொட்டா மின்னும். அம்புட்டும் கண்ணு. தாய் முட்டைப்பையைப் பின்னால ஒட்ட வச்சு இழுத்துக்கிட்டுத் திரியும், பொரிச்சதும் குஞ்சு அத்தனையும் முதுகு மேல.

வெயில்காலம், 9:52
சரி, அதுக்குப் பேர் எதுவா இருந்தா என்ன? யாருக்கு நஷ்டம்?

ஊருணிக்கரை, 10:08
கிரீன்லாந்து வடகிழக்குல ஜாக்கன்பர்க்னு ஓரிடம். அங்க ஏறக்குறைய 20 வருஷமாக் குழிப்பொறி வச்சுப் பார்டோசா எண்ணியிருக்காங்க. பனி சீக்கிரம் உருகுற வருஷத்துல, வழக்கமா ஒரு தடவை முட்டை போடுறதுல சிலது ரெண்டாவது பையும் போடுதுன்னு அதுல தெரிஞ்சது. ரெண்டு இனத்தை ஒண்ணா எண்ணியிருந்தா இது வேற கதையாத் தெரிஞ்சிருக்கும்.
தங்கச்சி, ஐயா சொன்னதுல ஒரு விஷயம் உங்களுக்குத் தேவை. அந்த 26-ல எத்தனை முதிர்ந்தது, எத்தனை இளசு? ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சது எப்படின்னு பதிவுப் பக்கத்துல பாருங்க. இளசை உருவத்துல பிரிக்க முடியாம, ஏற்கெனவே இருக்கிற பார்கோடோட ஒப்பிட்டுத்தான் பேர் போட்டிருப்பாங்க பல இடத்துல. அதைக் கொண்டாந்து "பார்கோடு இனத்தைப் பிரிக்குதா"ன்னு சோதிச்சா, மாப்பிள்ளை வீட்டார்கிட்டயே மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்ச கதைதான்.

செக்காலை_ஆய்வகம், 10:15
அதோட ஐடிஎஸ் 2 மாதிரி நியூக்ளியர் ஜீனும் வேணும். தனி சிஓஐயை வச்சு இனம் பிரிக்கிறது குழந்தை விளையாட்டு.

கோட்டையூரான், 10:17
திங்கக்கிழமைக்குள்ளயா?

ஸ்பிரிட்பாட்டில், 10:40
இந்த இழையில யாருமே எத்தனால் சதவீதத்துக்குப் பதில் சொல்லலை.

பழையலென்ஸ், 11:02
ட்யூபுல போட்ட காலோட மீதி உடம்பைப் பத்திரமா வைக்கிறாங்களா, அதையாவது சொல்லுங்க. காலை மட்டும் எடுத்துட்டு உடம்பைத் தொலைச்சா பின்னால ஒருத்தனும் சரிபார்க்க முடியாது.

வுல்பேக்கியா_ரசிகன், 11:10
ஒழுங்கான பதிவுக்கெல்லாம் உடம்பு மியூசியத்துல இருக்கும் ஐயா. பார்கோடுகாரங்க எல்லாம் திருடங்க மாதிரியே பேசுறீங்க.

பழையலென்ஸ், 11:14
நான் திருடன்னு சொன்னேனா?

*(இதற்குப் பின் வந்த 11 பதில்கள் "உருவமா மரபணுவா" இழைக்கு மாற்றப்பட்டன. – மட்டுறுத்துநர்)*

முகப்புத்திண்ணை, செவ்வாய் மாலை 5:33
ரிவ்யூ முடிஞ்சுது. 26-ல 9 இளசு, எடுத்துட்டேன். மீதி 17-லயும் டெஸ்குவோரம் பிரியலை, பிரியலைன்னே எழுதிட்டேன். அந்த 15 எழுத்துக் கணக்கைக் கரும்பலகையில போட்டுக் காட்டச் சொன்னாங்க, போட்டேன். ஊருணிக்கரை அண்ணனுக்கு ரொம்ப நன்றி. பஸ் வந்துருச்சு.

ஸ்பிரிட்பாட்டில், 5:41
சந்தோஷம்மா. ஆனா அந்த 17-ம் எத்தனை சதவீதத்துல இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?