மிளகாய்–மிசோ நூடுல்ஸ்: கசப்பு எங்கிருந்து வருகிறது, உப்பு எங்கே எகிறுகிறது

சட்டுவம்:
மெக்சிகோவின் காய்ந்த மிளகாய் விழுதும், சோயா பீன்ஸைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மிசோ விழுதும் ஒரே கிண்ணத்தில் சேரும் நூடுல்ஸ் இது. செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் காரத்தைப் பற்றியது அல்ல. ஒன்று கசக்கிறது என்பார்கள், இல்லை உப்புக் கரிக்கிறது என்பார்கள். சாறு அதிகமில்லாமல் பிரட்டிச் சாப்பிடும் மாசேசோபா வகையில், இருவருக்கான அளவு தருகிறேன்.

காய்ந்த மிளகாயில் மூன்று வகை: குவாஹியோ 4, ஆஞ்சோ 2, ஆர்போல் 2. பிறகு பூண்டு 4 பல், பாதி வெங்காயம், தக்காளி 2, சீரகம் கால் தேக்கரண்டி, காய்ந்த ஆரிகானோ அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி. குவாஹியோ நிறத்துக்கும் மெல்லிய புளிப்புக்கும். ஆஞ்சோ, அதாவது காய்ந்த பொப்லானோ மிளகாய், உலர்திராட்சை மாதிரியான இனிப்பையும் கெட்டித்தன்மையையும் தரும். ஆர்போல் காரத்துக்கு மட்டும். மிளகாய்க் காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் முதல் இரண்டும் 5,000-ஐத் தாண்டுவதில்லை. ஆர்போல் 15,000-இல் தொடங்குகிறது. காரம் குறைய வேண்டுமானால் ஆர்போலை மட்டும் குறையுங்கள். குவாஹியோவில் கைவைத்தால் விழுது நீர்த்துப்போகும், காரமோ அப்படியே நிற்கும்.

காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் வாட்டி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். தக்காளி, வெங்காயம், பூண்டைத் தோல் கருக்கச் சுட்டு, தக்காளித் தோலை உரித்து எல்லாவற்றையும் ஒரு கப் நீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். பிறகு எண்ணெயில் வதக்கல். இதில் உப்பே போடக்கூடாது. ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

கல்சட்டி:
கசப்பில் முக்கால் பங்கு வாட்டும்போதே வந்துவிடுகிறது. மிதமான தீயில் பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடி போதும். தோல் இளகி, அங்கங்கே லேசாக உப்பி, வாசனை எழும்பும் நொடியில் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே தீய்ந்துவிடும். நெடி கிளம்பித் தொண்டை கமறினால் அந்த மிளகாய் போச்சு. ஒன்று கருகியிருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுங்கள், அரைத்த பிறகு எந்தச் சர்க்கரையும் அதை மறைக்காது. ஆர்போல் மெல்லிசு, அதற்குப் பத்து விநாடியே அதிகம். மூன்று வகையையும் ஒன்றாகப் போட்டு வாட்டுவதுதான் வழக்கமான தவறு.

ஊறிய நீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு வேறு நீரில் அரையுங்கள். வடிகட்டுவதையும் சோம்பேறித்தனமாகத் தவிர்க்காதீர்கள். குவாஹியோ தோல் தடித்தது, எந்த மிக்ஸியும் அதை முழுதாக அரைப்பதில்லை, நூடுல்ஸோடு பல்லில் சிக்கும்.

வதக்கலுக்கு 8–10 நிமிடம். விழுது தெறிக்கும் என்பதால் பாதி மூடியபடி வதக்கலாம். பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறமாகி, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நின்று, ஓரத்தில் சிவந்த எண்ணெய் பிரிய வேண்டும். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில்தான் கரையும். பிரியுமுன் இறக்கினால் பச்சை வாடையோடு காரம் தனியாகக் குத்தும்.

உப்புக்கணக்கு:
சிவப்பு மிசோவில் ஏறக்குறைய 12 சதவீதம் உப்பு. ஒரு மேசைக்கரண்டி 18 கிராம் என்றால் அதில் 2 கிராமுக்கு மேல் உப்பு வந்துவிடுகிறது. அடர்நிற சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டியில் இன்னும் ஒரு கிராமுக்கு மேல். ஒரு கிண்ணத்துக்கு இதுவே நிறைவு. இதற்கு மேல் கோதிஹா பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, சோயாவில் ஊறிய முட்டையையும் வைத்தால் கரிக்காமல் என்ன செய்யும்? கோதிஹா வேண்டுமென்றால் சோயாவை அரைத் தேக்கரண்டியாக்குங்கள். வெள்ளை மிசோவில் உப்பு குறைவு, இனிப்பு கூடுதல். ஆஞ்சோ அதிகமுள்ள விழுதில் அது திகட்டிவிடும்.

ஒரு கிண்ணத்துக்கு என் கலவை: விழுது 3 மேசைக்கரண்டி, சிவப்பு மிசோ 1 மேசைக்கரண்டி, சோயா ஒன்றரைத் தேக்கரண்டி, சூடான தாஷி (கடற்பாசியும் காய்ந்த மீனும் போட்டு இறக்கும் ஜப்பானியச் சாறு) 70 மி.லி. மிசோவைத் தாஷியில் தனியாகக் கரைத்து, தீயை அணைத்த பிறகு விழுதில் ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் வாசனை பறந்து உப்பு மட்டும் மிஞ்சும்.

வடிதட்டு:
கடைசி வரிக்கு ஒரு விலக்கு உண்டு. ஜப்பானின் சப்போரோ நகரப் பாணியில் மிசோவைக் கொழுப்பில் சுடச்சுட வறுப்பார்கள். வறுபட்ட வாசனைதான் அங்கே நோக்கம். சிவப்பு மிசோவாக இருக்க வேண்டும், 20 விநாடிக்கு மேல் போகக்கூடாது, பக்கத்தில் கொதிக்கும் சாறு தயாராக இருக்க வேண்டும். கை தயங்கினால் அடிப்பிடிக்கும். முதல் முறை செய்பவர்கள் அணைத்த பிறகே சேர்ப்பது நல்லது.

நூடுல்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ராமென் மாவில் கான்சுய் என்ற காரநீர் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா மாதிரியான காரம்) சேர்வதால்தான் அந்த மஞ்சள் நிறமும் இழுவையும். அது கிடைக்காவிட்டால் மெல்லிய ஸ்பகெட்டியை லிட்டருக்கு 2 தேக்கரண்டி சமையல் சோடா போட்ட நீரில் வேகவைக்கலாம். பொங்கி வழியும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். வெந்ததும் வெந்நீரில் ஒருமுறை அலசாவிட்டால் சோப்பு வாடை தங்கிவிடும். பாக்கெட்டில் எழுதிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுங்கள், கலவையில் புரட்டும்போது மீதி வேகும். வடித்த நூடுல்ஸ் காத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆகவே சாஸ் முதலில், நூடுல்ஸ் கடைசியில். எலுமிச்சையைச் சாப்பிடும்போதுதான் பிழிய வேண்டும். முன்பே பிழிந்தால் புளிப்பு கான்சுயின் அந்தக் காரத்தன்மையை முறித்து, நூடுல்ஸ் வெளிறித் தொய்ந்துவிடும்.

பச்சைக்கொத்து:
மீன் சேர்க்காதவர்கள் தாஷிக்கு என்ன செய்வது? மெக்சிகோ மிளகாய் கிடைக்காவிட்டால்?

உப்புக்கணக்கு:
கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி 10 கிராம், காய்ந்த ஷீடாகே காளான் 3, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க குளிர்பெட்டியில். காலையில் 60 டிகிரி வரை சூடாக்கி, கொதிக்குமுன் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கடல்வாடையும் இறங்கும். கொம்பின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை ஜப்பானிய வேதியியலாளர் இகேதா கிகுனாயே 1908-இல் கண்டறிந்தார். காளானில் உள்ள குவானிலேட் என்ற சுவைப்பொருள் அதோடு சேர்ந்தால் சுவை பல மடங்காவதால், மீன் இல்லையே என்ற குறை தெரியாது. மிசோ உறையைப் படித்து வாங்குங்கள், ‘தாஷி கலந்தது’ என்றால் பெரும்பாலும் உள்ளே மீன் சாறு இருக்கும்.

மிளகாய்க்கு: காரம் குறைந்து நிறம் கூடிய எந்தக் காய்ந்த மிளகாயும் 6, அரைத் தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா, ஆஞ்சோவின் இனிப்புக்கு ஆறேழு உலர்திராட்சை. டப்பாவில் வரும் சிபோட்லே (புகையூட்டிய மிளகாய்) கிடைத்தால் ஒன்று போதும். அதன் சாறு புளிப்பும் உப்பும் உள்ளது, அதையும் கணக்கில் சேருங்கள்.

கல்சட்டி:
மேலே போட மக்காச்சோளம். சப்போரோவில் மிசோ ராமென்மேல் சோளமும் வெண்ணெயும் வைப்பார்கள், மெக்சிகோவில் சுட்ட சோளத்தில் மயோனைஸும் பாலாடைக்கட்டியும் மிளகாய்ப்பொடியும் பூசுவார்கள். இரண்டு சமையலும் கைகுலுக்கும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. முத்துக்களை ஈரம் துடைத்து, கிளறாமல் 2 நிமிடம் விட்டால்தான் கருகல் புள்ளி விழும். காரம் மீறிவிட்டால் தண்ணீர் பயன்படாது, அவகாடோ அல்லது புளித்த பாலேடு சேருங்கள்.

வடிதட்டு:
மாட்டிறைச்சி பிர்ரியாவின் (மிளகாய் விழுதில் மெதுவாக வேகவைத்த மெக்சிகோ இறைச்சிக் குழம்பின்) சாற்றை ஊற்றி ராமெனாகச் செய்வதானால் கட்சுவோபுஷி, அதாவது தாஷிக்குப் போடும் காய்ந்த மீன் சீவல், தேவையில்லை. அது தரும் இனோசினேட் என்ற சுவைப்பொருள் இறைச்சியிலேயே இருக்கிறது. கொம்பு மட்டும் போடுங்கள். மேலே மிதக்கும் சிவந்த கொழுப்பை முழுக்க வழித்தெடுக்க வேண்டாம், கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி இருக்கட்டும்.

சட்டுவம்:
மிஞ்சிய விழுதை மிசோ சேர்க்காமல் ஐஸ் தட்டில் உறையவையுங்கள், மூன்று மாதம் வரை நன்றாயிருக்கும். கட்டி ஒன்றின் அளவை முதலிலேயே அளந்து தட்டின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பூண்டும் எண்ணெயும் உள்ளதால் வெளியே வைக்கக்கூடாது, குளிர்பெட்டியிலும் நான்கு நாள்தான்.