இத்தாலி வாடகை வீடு: சமைக்கும்போது அடிக்கடி கரண்ட் போகிறது, என்ன செய்யலாம்?

தொரினோ_புதுசு:

வணக்கம். நானும் மனைவியும் தொரினோவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம். பழைய கட்டடம், நாலாவது மாடி. சமையலுக்கு கேஸ் கிடையாது. நாலு வளைய இன்டக்‌ஷன், கரண்ட் ஓவன், வாஷிங் மெஷின், தண்ணீர் சூடாக்க 80 லிட்டர் ஸ்கால்தாபாஞோ, எல்லாமே வீட்டுக்காரர் வைத்துத் தந்தவை.

குக்கர் அடுப்பில் இருக்கும்போது கெட்டிலைப் போட்டால் ஓரிரு நிமிடத்தில் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட சமையல் என்றால், ரெண்டு மூணு மணி நேரம் ஒன்றும் ஆகாமல் ஓடி, கடைசியில் போகிறது. வயரிங்கில் ஏதாவது கோளாறா? வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் ஸ்விட்ச் எதுவும் விழுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே நிலவறைக்குப் போய் மீட்டரில் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. பகலில் மனைவி தனியாக இருப்பதால் இதைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும்.

கணக்கு இன்னும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. "உங்கள் பெயருக்கு மாற்றி 6 கிலோவாட் ஆக்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். மனைவி குடும்ப விசாவில் வந்தவர். தங்கும் அனுமதி அட்டை இன்னும் வரவில்லை, தபால் ரசீதுதான் இருக்கிறது. இதை வைத்துப் பெயர் மாற்ற முடியுமா? 6 தேவையா? கோயம்புத்தூரிலிருந்து மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டுவந்திருக்கிறோம், இங்கே எந்தப் பிளக் போடுவது என்றும் சொல்லுங்கள்.

மின்வேலை_பலெர்மோ:

தம்பி, முதலில் எது விழுது எண்டதைப் பிரிச்சுப் பாக்க வேணும். நீங்கள் சொல்லுறதை வச்சுப் பாத்தால் வயரிங் கோளாறு இல்லை, லோட் கூடிப் போகுது.

வீட்டுக்குள்ள பெட்டியில ஒரு சின்னப் பொத்தான், T எண்டு எழுதி, இருக்கிறது சால்வாவீத்தா. 30 மில்லியாம்பியர் கசிஞ்சாலே அது விழும். தண்ணி சூடாக்கிற கம்பி பழுதாப் போனாலோ, வாஷிங் மெஷினுக்குள்ள ஈரம் இறங்கினாலோ விழுறது அதுதான். கீழ விழுறது கொன்தாதோரே, அதாவது மீட்டர். அது கசிவைப் பாக்காது, நீங்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கிறீங்கள் எண்டதை மட்டும்தான் பாக்கும்.

இத்தாலியில பெரும்பாலான வீடுகளுக்கு ஒப்பந்தம் 3 கிலோவாட். அதுக்கு மேல பத்து விழுக்காடு சலுகை இருக்கு, ஆகவே 3.3 வரைக்கும் நாள் முழுக்க இழுக்கலாம். 3.3 தாண்டி 4 வரைக்கும் போனால் உடனே விழாது, மூண்டு மணி நேரம் வரைக்கும் பொறுக்கும். 4 ஐ நல்லாத் தாண்டினால் ஓரிரு நிமிசம்தான். உங்கட ரெண்டு அனுபவத்துக்கும் காரணம் இதுதான்.

கணக்கைப் பாருங்கோ. ஸ்கால்தாபாஞோ 1200 வாட், குக்கர் இருக்கிற வளையம் 1500, ஃபிரிட்ஜும் லைட்டும் 250. இதுவே 2950. மிக்ஸி 750 சேர்ந்தால் 3700, மெதுவா விழுற வட்டத்துக்குள்ள வந்திட்டீங்கள். மிக்ஸிக்குப் பதிலா 2000 வாட் கெட்டில் எண்டால் 4950, நிமிசக் கணக்குத்தான்.

சோதிக்கிறது சுகம். ஒருத்தர் வீட்டில சமைக்கட்டும், மற்றவர் கீழ மீட்டருக்கு முன்னால நிண்டு பொத்தானைத் திருப்பித் திருப்பி அமத்தட்டும். ஒவ்வொரு அமத்தலுக்கும் திரை மாறும். அதில பொத்தென்சா இஸ்தந்தானேயா எண்டு வாறதுதான் அந்த நேரத்தில நீங்கள் இழுக்கிற கிலோவாட். நிலவறையில மீட்டர் வரிசையா இருக்கும், எது உங்கட எண்டு தெரியாட்டி பில்லில இருக்கிற நூமெரோ கிலியென்தேயை, அதாவது வாடிக்கையாளர் எண்ணை, திரையில வாறதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பக்கத்து வீட்டு லிவரைத் தட்டிப் போடாதேங்கோ.

திரும்பத் தூக்க முதல், வீட்டில பெரிய சாமான் ரெண்டை நிப்பாட்டிப் போட்டுக் கீழ போங்கோ. இல்லாட்டித் தூக்கின கையோட திரும்பவும் விழும்.

சமையல்கட்டு:

மேலே சொன்னது சரி. பணம் கொடுத்துக் கூட்டுவதற்கு முன்னால் இருப்பதை ஒழுங்குபடுத்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

முதல் எதிரி ஸ்கால்தாபாஞோ. 80 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர 4.2 யூனிட் வேண்டும். 1200 வாட் கம்பிக்கு அது மூன்றரை மணி நேர வேலை. காலையில் ரெண்டு பேரும் குளித்துவிட்டுப் போனால் அது மதியச் சமையல் நேரம் வரை இழுத்துக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதற்கு ஒரு டைமர் போட்டு இரவு 23 மணியிலிருந்து காலை 7 வரை மட்டும் ஓடவிடுங்கள். சாதாரண சொருகு டைமர் வேண்டாம், 16 ஆம்பியர் தாங்குகிற டைமரைப் பெட்டிக்குள் மாட்டச் சொல்லுங்கள். சிக்கனம் என்று தெர்மோஸ்டாட்டை 40, 45 என்று குறைக்காதீர்கள். அந்தச் சூட்டில் தொட்டிக்குள் லெஜியொனெல்லா கிருமி வளரும், 60இலேயே இருக்கட்டும்.

அடுத்தது இன்டக்‌ஷன். நாலு வளைய அடுப்பு முழுக்க ஓடினால் 7 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடியது. அதனால் இங்கே விற்கும் பல மாடல்களில் மொத்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு உண்டு. கையேட்டில் லிமிதாத்சியோனே தி பொத்தென்சா என்ற தலைப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் பெட்டியில் அடுப்பின் பிரேக்கரை இறக்கி ஏற்றிய சிறிது நேரத்துக்குள் குறிப்பிட்ட பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அந்த மெனு திறக்கும். 2.8 போல ஒரு மதிப்பு வைத்தால் அடுப்பு தானாகவே அதற்குள் பகிர்ந்துகொள்ளும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு அடுப்புக்கு மட்டும்தான். பக்கத்தில் ஓவன் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

பூஸ்ட் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரே வளையத்தில் 3 கிலோவாட் வரை இழுக்கும். குக்கரை 9இல் வைத்து, ஆவி வந்து வெயிட் போட்டு முதல் விசில் அடித்ததும் 4க்கு இறக்குங்கள், பருப்பும் சோறும் அதிலேயே வேகும். ஊரிலிருந்து கொண்டுவந்தது அலுமினியக் குக்கர் என்றால் அடுப்பு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். இரும்பு தோசைக்கல் ஒட்டும், ஆனால் நடுவில் மட்டும் சட்டென்று சூடேறும். 5இல் வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு மாவு ஊற்றுங்கள். கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், கோடு விழுந்தால் வாடகை முன்பணத்தில் கை வைப்பார்கள்.

வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் முதல் 15, 20 நிமிடம் மட்டும்தான் 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். பிறகு டிரம் சுற்ற 200, 300தான். அந்த இருபது நிமிடத்தில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இரவில் போடலாம்தான், ஆனால் பல கட்டடங்களில் கொந்தொமீனியோ (அடுக்ககக் குடியிருப்போர்) விதிப்படி இரவில் சத்தம் கூடாது. மூன்று நேரப் பிரிவுக் கணக்கு என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும் 24 மணி நேரமும் F3 என்ற மலிவான பிரிவுதான், துணியை அன்றைக்குக் காலையில் போடுங்கள். ஒரே விலைக் கணக்கு என்றால் எந்த நேரமும் ஒன்றுதான்.

தொரினோ_புதுசு:

ரெண்டு பேருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டோம், விழுவது கீழே இருக்கும் மீட்டர்தான். குக்கரும் ஸ்கால்தாபாஞோவும் ஓடும்போது 2.9 காட்டியது, ஓவனைப் போட்டதும் 5ஐத் தொட்டது. அடுப்பை 2.8க்குக் கட்டுப்படுத்திவிட்டோம். ஆனால் கோடையில் ஏசியும் சேரும், அதனால் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. பெயர் மாற்றம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொலோஞாக்காரி:

கூட்டும் உரிமை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஆகவே முதலில் வொல்தூரா. மீட்டரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெயரை மட்டும் மாற்றுவது வொல்தூரா. முந்தையவர் கணக்கை மூடி மீட்டர் நின்றுபோயிருந்தால் அதைத் திரும்ப எழுப்புவது சுபென்த்ரோ, அதற்கு நாளாகும். அதனால் வீட்டுக்காரரிடம் "நாங்கள் மாற்றும் வரை உங்கள் கணக்கை மூடிவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேண்டியவை: பெயர் மாற்றுபவரின் பாஸ்போர்ட், கோதிச்சே ஃபிஸ்காலே (வரி எண்), பில்லில் IT என்று தொடங்கும் 14 எழுத்து POD எண் (உங்கள் மின் இணைப்பின் அடையாள எண்), பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம், அன்றைய மீட்டர் அளவு, வங்கிக் கணக்கு எண். மின்கணக்குக்குத் தங்கும் அனுமதி அட்டை தேவையில்லை. ஆனாலும் வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் கணக்கையும் உங்கள் பெயரிலேயே எடுங்கள், கேள்வி வராது. ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும், பதிவு ரசீதின் நகலை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். இது பின்னால் எல்லாவற்றுக்கும் கேட்கப்படும்.

இதோடு ரெசிதென்சாவையும், அதாவது குடியிருப்புப் பதிவையும், பாருங்கள், பில் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடிபுகுந்த 20 நாளுக்குள் கொமூனேயில் (நகராட்சி அலுவலகத்தில்) அறிவிக்க வேண்டும். குடும்ப இணைவு விசாவில் வந்தவர் அட்டைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட், அனுமதிக்கு விண்ணப்பித்த தபால் ரசீது, நுல்லா ஓஸ்தா (குடும்ப இணைவுக்கான முன் அனுமதிக் கடிதம்) நகல், இந்த மூன்றையும் வைத்துப் பதியலாம். உள்துறை அமைச்சகம் 2007இலேயே சுற்றறிக்கையாகச் சொன்னது இது. கவுண்டரில் "அட்டை வந்ததும் வாருங்கள்" என்று வாய்மொழியாகத் திருப்பினால், படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பி ரசீது எண் வாங்குங்கள், அல்லது ஒரு பத்ரொனாத்தோ (விண்ணப்பங்களுக்கு உதவும் அலுவலகம்) மூலம் போங்கள். அறிவித்த பிறகு 45 நாளுக்குள் மாநகரக் காவலர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அதற்காக அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ரெண்டு பேர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். பலருக்கு விண்ணப்பம் நின்றுபோவது இந்தப் பெயர்ப்பலகை இல்லாததால்தான்.

ரெசிதென்சா ஆனதும் மின்நிறுவனத்திடம் கணக்கை "ரெசிதென்தே" (அங்கேயே பதிந்து குடியிருப்பவர்) என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக்கு நிலைக்கட்டணம் கூடுதலாக ஓடும்.

இப்போது 6 கிலோவாட் பற்றி. ரெண்டு பேருக்கு அது வீண். 6 வரை அரை அரை கிலோவாட்டாகவே கூட்டலாம். 4.5 எடுத்தால் நிம்மதியாக 4.95 வரை இழுக்கலாம், ஏசியும் அடங்கிவிடும். ஒருமுறைக் கட்டணம் கூட்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஏறக்குறைய 60 யூரோ, அதோடு நிறுவனத்தின் சிறு கட்டணம். பிறகு ஆண்டுதோறும் கிலோவாட்டுக்கு இருபது யூரோ சொச்சம். யாரும் வெளியே சொல்லாத ஒன்று: ரெசிதென்தே கணக்கில் 3 கிலோவாட் வரை இருப்பவர்களுக்கு மாதம் 150 யூனிட்டுக்கு அச்சீசா என்ற மின்வரி இல்லை. 3ஐத் தாண்டினால் அந்த விலக்கு போய்விடும், ஆண்டுக்கு 40 யூரோ வரை. அதனால் 3.5 எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஒன்று 3இலேயே சமாளியுங்கள், அல்லது நேராக 4.5க்குப் போங்கள்.

கடைசியாக டிவி வரி. ரெசிதென்தே கணக்கு ஆனால், வீட்டில் டிவி இருக்கிறது என்று அரசு தானாகவே எடுத்துக்கொண்டு, ஜனவரி முதல் அக்டோபர் வரை பில்லில் கனோனே ராய் என்று பிடிக்கும். ஒரே குடும்பப் பதிவில் இருக்கும் கணவன் மனைவிக்கு ஒன்றுதான். டிவி இல்லையென்றால் வருமானவரித் துறைக்கு உறுதிமொழிப் படிவம் அனுப்ப வேண்டும். ஜனவரி 31க்குள் அனுப்பினால்தான் முழு ஆண்டுக்கும் விலக்கு, ஒவ்வொரு ஆண்டும் திரும்ப அனுப்ப வேண்டும். புதுக் கணக்கு என்றால் தொடங்கிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள். லேப்டாப்பிலும் போனிலும் படம் பார்ப்பது டிவி கணக்கில் வராது.

மின்வேலை_பலெர்மோ:

4.5 கேக்க முதல் ஒரு எலெத்ரிச்சிஸ்தாவை, அதாவது மின்வேலைக்காரரை, கூப்பிட்டு மீட்டரில இருந்து உங்கட பெட்டி வரைக்கும் வாற வயரைப் பாக்கச் சொல்லுங்கோ. 4.95 கிலோவாட் எண்டால் 21.5 ஆம்பியர் ஓடும். அந்த வயர் 6 சதுர மில்லிமீட்டர் இருக்க வேணும். பழைய கட்டடம், நாலாம் மாடி எண்டுறீங்கள், 4 அல்லது அதுக்கும் குறைவா இருக்கச் சந்தர்ப்பம் இருக்கு. வயரை மாத்த வேண்டி வந்தால் அது வீட்டுக்காரற்ற செலவு, குடியிருக்கிறவற்ற செலவில்லை. வேலை முடிய திக்கியராத்சியோனே தி கொன்ஃபொர்மிதா எண்ட, வேலை விதிப்படி செய்தது எண்டு சொல்லுற பத்திரத்தைக் கட்டாயம் வாங்குங்கோ.

கூட்ட விருப்பமில்லாட்டி இன்னொரு வழி இருக்கு. பெட்டிக்குள்ள ஒரு லோட் கட்டுப்பாட்டு ரிலே பூட்டலாம். மொத்த இழுப்பு 3.3 ஐத் தாண்டினவுடன அது ஸ்கால்தாபாஞோவை மட்டும் கழட்டி விடும், லோட் குறைஞ்சதும் திரும்பப் பூட்டும். தங்கச்சி நிலவறைக்கு இறங்க வேண்டி வராது.

மிக்ஸி, கிரைண்டர்: இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒண்டும் தேவையில்லை. ஊர்ப் பிளக் தான் உள்ளுக்குப் போகாது. மலிவான அடாப்டரை வச்சுக் கிரைண்டரை முக்கால் மணி நேரம் ஓட விடாதேங்கோ. கன அடாப்டரில எர்த் தொடுப்பே இராது, கிரைண்டரோ ஈரக் கை படுகிற சாமான். பிளக்கை வெட்டிப் போட்டு மூண்டு கம்பி உள்ள 10 ஆம்பியர் இத்தாலிப் பிளக் பூட்டுங்கோ. மிக்ஸி நாலு ஆம்பியருக்குள்ள, கிரைண்டர் ஒரு ஆம்பியருக்குள்ள, 10 காணும். நடு ஊசிதான் எர்த், பச்சை வயர் அதுக்கு. ஊரில வாங்கின பழைய கேபிளில சிவப்பும் கறுப்பும் இருக்கும், ரெண்டும் வெளி ஊசிகளுக்கு. இத்தாலிப் பிளக்கைத் திருப்பியும் செருகலாம், அதால எது எந்தப் பக்கம் எண்டு யோசிக்கத் தேவையில்லை. எர்த் வயரை மற்றதுகளை விட ஒரு சென்ரிமீட்டர் நீளமா விட்டுப் பூட்டுங்கோ, கேபிள் இழுபட்டால் கடைசியாக் கழருறது அதுவா இருக்க வேணும்.