காப்பாஃபைக்கஸ் லெக்டின்: சாறு கூழாகிறது, மன்னோஸும் தடுக்கவில்லை

கேள்வி – பாசி மாணவி

வணக்கம். பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் காப்பாஃபைக்கஸ் அல்வரேசி என்ற சிவப்புக் கடற்பாசியிலிருந்து லெக்டினை, அதாவது சர்க்கரையைப் பற்றும் புரதத்தைப் பிரிப்பது என் முதுநிலை ஆய்வேட்டின் வேலை. உலர்ந்த பாசியைப் பொடித்து, பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) 60 டிகிரியில் கலக்கி, துணியில் வடித்தேன். ஆறியதும் சாறு முழுவதும் இட்லி மாவைப் போல் இறுகிவிட்டது. மேலே தேங்கிய சிறிதளவு நீர், டிரிப்சின் நொதி இட்ட முயல் சிவப்பணுக்களை 64 மடங்கு நீர்த்த நிலையிலும் திரட்டியது. லெக்டினாக இருந்தால், கலந்த சர்க்கரையைப் பற்றிக்கொண்டு அணுக்களை விட்டிருக்க வேண்டும். ஆனால் குளுக்கோஸ், மன்னோஸ், காலக்டோஸ் எதுவும் அந்தத் திரட்சியைத் தடுக்கவில்லை. அப்படியானால் இது லெக்டினே இல்லையா?

பதில் 1 – நீலக்குழாய்

இறுகியது காப்பா காராஜீனன், இப்பாசியின் செல்சுவரிலுள்ள கூழாகும் பலசர்க்கரை. சூடு அதைக் கரைத்துவிடும். பொட்டாசியம் அயனி இருந்தால் ஆறும்போது கெட்டியாகிவிடும். உங்கள் பஃபர் பொட்டாசியம் உப்பா என்று முதலில் புட்டியைப் பாருங்கள். சோடியம் உப்புக்கு மாறி, குளிர்நிலையில், சிறிது எத்தனால் கலந்த நீரில் எடுத்தால் காராஜீனன் பெரும்பாலும் பாசியிலேயே தங்கிவிடும்.

தனிச்சர்க்கரை தடுக்கவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். இப்பாசியின் லெக்டின்கள் ஒற்றை மன்னோஸை மதிப்பதில்லை. கிளைகிளையாக மன்னோஸ் தாங்கிய கிளைக்கோபுரதச் சங்கிலியை, அதாவது புரதத்தோடு இணைந்த சர்க்கரைச் சங்கிலியைத்தான் பற்றுகின்றன. ஆகவே அத்தகைய சங்கிலி கொண்ட தைராய்டுப் புரதமான தைரோகுளோபுலினையும், ஈஸ்டின் மன்னோஸ் பலசர்க்கரையான மன்னனையும் (mannan) கொண்டு, திரட்சியைத் தடுக்கின்றனவா என்று சோதியுங்கள். எல்லாச் சிவப்புப் பாசியும் இப்படியல்ல: நியூசிலாந்தின் கிரிஃபித்சியா பாசியில் கண்டறியப்பட்டு 2005-இல் வெளியான, 121 அமினோ அமிலங்கள் கொண்ட கிரிஃபித்சின் என்ற லெக்டின், தனி மன்னோஸையும் பற்றும்.

பதில் 2 – குழிக்கணக்கன்

முன்னவர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. காராஜீனனின் சல்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. புரதங்களோடும் அணுக்களோடும் ஒட்டி, திரட்சி போன்ற தோற்றத்தைத் தரக்கூடும். மைக்ரோதட்டின் குழியில் அணுக்கள் பாயாக விரிந்தால் திரட்சி, அடியில் பொத்தானாகக் குவிந்தால் இல்லை என்பது விதி; கெட்டியான சாற்றில் அணுக்கள் சரிவரப் படியாமல் பாய் போலத் தெரிவதை நானே பலமுறை திரட்சி என்று குறித்திருக்கிறேன். எனவே பஃபர் மட்டும் இட்ட குழியும், கடையில் வாங்கிய காராஜீனன் இட்ட குழியும் கட்டாயம் வேண்டும்.

திரட்டியது புரதம்தானா என்று அறிய, சூடாக்கிச் செயல் போகிறதா என்று பார்ப்பது போதாது. பாசி லெக்டின்கள் பல வெப்பத்தைத் தாங்குபவை. மின்னூட்டத்தைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றத் தூணில் காராஜீனன் இறுகப் பற்றிக்கொண்டு மிகு உப்பில்தான் வெளிவரும் என்பதால், குறைந்த உப்பில் இறங்கும் பகுதியில் திரட்டும் ஆற்றல் தெரிந்தால் நம்பலாம். அங்கே சிவப்பு நிறம் வந்தால், பாசியின் சிவப்பு நிறப் புரதமான ஃபைகோஎரித்ரின் உடன் வந்திருக்கிறது. 565 நானோமீட்டர் அருகே உறிஞ்சுதலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாசி மாணவி

இருவருக்கும் நன்றி. புட்டியில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்றுதான் எழுதியிருக்கிறது. காராஜீனன் குழியையும் நான் வைக்கவில்லை. நாளை குளிர்அறையில் சோடியம் உப்போடு புதிதாகத் தொடங்குகிறேன். எத்தனால் எத்தனை சதவீதம் வைப்பீர்கள்?

நீலக்குழாய்

நான் 20-இல் தொடங்குவேன். வடிநீர் விரல்களுக்கிடையே நூல் போல் நீண்டால் எத்தனாலைக் கூட்டுங்கள். நீளாவிட்டால் அப்படியே தூணுக்கு ஏற்றலாம்.